வாடகைக் காரும் வடுக்களின் மூலபாடமும்: ஒரு தி.நகர் கள ஆய்வு

சொந்தக் காரை நிறுத்துவது ஒரு தொல்லை. வாடகைக் காரை நிறுத்துவதோ தனித் துறை. இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவோரைத் திருத்தும் பொருட்டு, மச்சினி கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போன ஒரு சனிக்கிழமையை ஆதாரமாகக் கொண்டு இக்கட்டுரை வரையப்படுகிறது. களம்: தி.நகர். கருவி: மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த செல்ஃப் டிரைவ் கார். ஆய்வுக் குழு: நான், மனைவி, மச்சினி, மாமியார், முன்சீட்டில் மாமனார்.

முதலில் அடையாளம். டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. செல்ஃப் டிரைவ் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. இந்தத் தலைகீழ் மாற்றத்தை வாட்ச்மேன்கள் தூரத்திலேயே படித்துவிடுகிறார்கள். வண்டியும் இவனுடையது இல்லை, ஊரும் இவனுக்குப் புதிது என்று தெளிந்ததும் கை உயர்கிறது: "சார், இங்க போடாதீங்க." வேறு எங்கே போடலாம் என்றால், எல்லோரும் ஓதிவைத்ததுபோல் ஒரே விடை: "அப்படியே முன்னாடி போங்க." உஸ்மான் சாலையில் 'முன்னாடி' என்பது பனகல் பூங்காவைச் சுற்றிக்கொண்டு அதே வாட்ச்மேனிடம் வந்து முடிகிறது. மூன்று சுற்றில் இதை நிறுவினோம்.

அடுத்து, கல்வெட்டியல். சந்துகளின் ஒவ்வொரு கேட்டிலும் 'வண்டி நிறுத்தாதீர், மீறினால் காற்று பிடுங்கப்படும்' என்று எழுதியிருக்கிறது. அந்தச் செயப்பாட்டு வினை ஆழ்ந்து நோக்கத்தக்கது. பிடுங்கப்போவது வீட்டுக்காரரா, அவர் பேரனா, விதியா? வினைமுதல் சொல்லப்படவில்லை. கேட்டே இல்லாத வெறும் சுவரிலும் இதே வாசகத்தைக் கண்டோம். எழுத்தறியாதோர் பொருட்டு உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றும் நடப்பட்டிருந்தது.

சட்டம் இதைவிட இளகிய மனமுடையது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவுப்படி, பொது இடத்தில் 10 மணி நேரம் கேட்பாரற்று நிற்கும் வண்டியைத்தான் இழுத்துப் போகலாம். நிறுத்தத் தடையுள்ள இடமென்றால் அந்தப் பொறுமையும் இல்லை. தி.நகரில் முந்தையதற்கு வாய்ப்பே கிடைக்காது. 1920-களில் ஏரியைத் தூர்த்து எழுப்பிய பேட்டை இது. தூர்க்காமல் விட்டிருந்தால் தோணியை எங்கு வேண்டுமானாலும் கட்டியிருக்கலாம்.

தணிகாசலம் சாலையில் மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறதே என்று வாசகர் கேட்கலாம். நானும் கேட்டேன். "மாப்ள, சும்மா நிக்கப்போற வண்டிக்கு யாராவது காசு குடுப்பாங்களா?" என்றார் மாமனார். அந்தக் காசை மிச்சம் பிடிக்க, பெண்களைக் கடை வாசலில் இறக்கிவிட்டு ஒரு மணி பத்து நிமிடம் சுற்றினோம். அதற்கான வாடகையும் பெட்ரோலும் அவர் கணக்கில் வரவில்லை. வாடகைக் கார் நின்றாலும் வாடகை, நிற்க இடம் தேடினாலும் வாடகை என்னும் அடிப்படை விதி இவ்வாறே கண்டறியப்பட்டது.

இனி, ஆய்வின் இதயமான வடுக்கள். காரை எடுக்கும்போது அதைச் சுற்றி வந்து வீடியோ எடுப்பது மரபு. அதுவே மூலபாடம். திருப்பித் தரும்போது கம்பெனிப் பையனிடம் வேறொரு பிரதி இருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு ஏடு ஒப்பிடும் புலவர்களைப்போல் குனிந்து நின்றோம். இடது பின்கதவுக் கீறல் இரு பிரதிகளிலும் இருந்தது, சிக்கலில்லை. பம்பர் ஓரத்து வெள்ளைக் கோடு அவன் பிரதியில் இல்லை. என் பிரதியில் அந்த இடத்தை என் கட்டைவிரல் மறைத்திருந்தது. ஆகவே அது என் காலத்து இடைச்செருகல் என்றான். கோட்டில் புழுதியேறிக் கறுத்திருக்கிறது, அரை நாளில் கறுக்காது என்று அகச்சான்று காட்டினேன். டெபாசிட்டில் 2,000 ரூபாய் போயிற்று.

(மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கடைசியில் ஒரு சந்தில் பெட்டிக்கடைக்காரர் "வா, வா, ஒடி, வா" என்று பின்னால் நின்று வழிகாட்டினார். 'போதும்' என்ற சொல்லை அவர் உச்சரித்தது, சுவர் உச்சரித்த பிறகு.)

வண்டியைப் பூட்டிவிட்டு ஓடியபோது, பெண்கள் புடவைப் பைகளோடு கடை வாசலில் நின்றிருந்தார்கள். ரங்கநாதன் தெருவின் முனையிலேயே மாம்பலம் ரயில் நிலையம் இருக்கிறது. மின்சார ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்.