போஸ்கு பாடிய அமெரிக்க மெட்டு

2019 ஜனவரியில் மலேசியாவின் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக் பாடகரானார். தேர்தலில் தோற்று எட்டு மாதம். நீதிமன்றத்தில் அவர்மீது முப்பதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள். வேறு யாராக இருந்தாலும் நல்ல வக்கீலோடு நிறுத்தியிருப்பார். இவர் பின்பாட்டுக்கும் ஆள் பிடித்தார். இளைஞர் குழு ஒன்று பின்னால் நின்று குரல் கொடுக்க, தன்மேல் அவதூறு சுமத்திவிட்டார்கள் என்று மலாயில் உருகினார். மெட்டு மட்டும் அமெரிக்க இறக்குமதி. 1976இல் அங்கே முதலிடம் பிடித்த ‘கிஸ் அண்ட் சே குட்பை’. பாடிய குழுவின் பெயர் மன்ஹாட்டன்ஸ். தேர்வில் ஒரு நேர்மை இருக்கத்தான் செய்தது: 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தின் பணத்தில் வாங்கியவை என்று அமெரிக்க நீதித்துறை பட்டியலிட்ட சொத்துகளில் மன்ஹாட்டன் அடுக்குமாடி வீடுகளும் உண்டு.

2012இல் லானா டெல் ரே என்ற பாடகி ‘நேஷனல் ஆந்தம்’ பாட்டில் பணத்தையும் நாட்டுப்பற்றையும் ஒரே மெத்தையில் கிடத்திக் காட்டினார். காணொளியில் கென்னடி குடும்பத்து வேடம் வேறு. அவருக்கு அது நடிப்பு. 1எம்டிபி பணத்தைச் சுருட்டியதாகத் தேடப்படும் நம்ம ஊர் ஜோ லோவுக்கு அதுதான் பிழைப்பு. அதே ஆண்டில் அவர் இஎம்ஐ இசைப் பதிப்பு நிறுவனத்தில் பங்கு வாங்கினார். பாட்டு எழுதத் தெரியாவிட்டால் என்ன, பாட்டின் உரிமையையே வாங்கிவிடலாமே. ஒபாமாவின் தேர்தல் நிதிக்குள்ளும் அவர் பணம் நுழைந்தது. அதை ராப் பாடகர் பிராஸ் மிஷேல் வழியாகக் கடத்திய கதையை 2023இல் வாஷிங்டன் நடுவர் குழுவே உறுதி செய்தது.

பிறகு சினிமா. பங்குச் சந்தை மோசடிக்காரனைப் பற்றிய ‘தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’டைத் தயாரித்தது நஜிப் மனைவியின் முதல் மணத்து மகனுடைய நிறுவனம். நம் பணத்தில் எடுத்த படம் நம் திரையரங்குக்கு வரவேயில்லை. தணிக்கைக்குத் தாங்காதாம். அதை எடுத்த பணம் மட்டும் எல்லாத் தணிக்கையையும் தாண்டிப் பறந்தது.

இந்தக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் யார்? 2015 ஏப்ரல் 1 முதல் ஆறு விழுக்காடு ஜிஎஸ்டி கட்டியவர்கள். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டவரும் கிள்ளானில் பிள்ளைக்குக் காலணி வாங்கியவரும்தான். அந்த ஆண்டு 1எம்டிபியின் கடன் 4,200 கோடி வெள்ளி. அது போதாதென்று நஜிப் 2017 செப்டம்பரில் வெள்ளை மாளிகையில் டிரம்ப் எதிரே உட்கார்ந்து, அமெரிக்கச் சாலைக்கும் பாலத்துக்கும் ஊழியர் சேமநிதியிலிருந்து இன்னும் 300, 400 கோடி டாலர் முதலீடு வரும் என்றார். கிள்ளானில் அலுவலகக் கழிப்பறை கழுவும் அக்காவின் சம்பளத்தில் பிடித்த காசும் அந்த நிதியில்தான் இருக்கிறது. அவர் ஏறி இறங்கும் அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடவில்லை. பரவாயில்லை, வல்லரசுக்குப் பாலம் போட்டுக் கொடுத்த புண்ணியம் அவருக்கு.

நம் தமிழர்களும் சும்மா இருக்கவில்லை. 2010 அக்டோபரில் நஜிப் மன்மோகன் சிங்கோடு வந்து பிரிக்பீல்ட்ஸில் லிட்டில் இந்தியாவைத் திறந்து வைத்தாரே, போட்டோம் மாலை. மேடைகளில் ‘நம்பிக்கை’ என்று தமிழில் ஒரு சொல் சொன்னார். கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்தது. ஒரு சொல்லுக்கே தோளிலிருந்த துண்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டு விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் குடியுரிமைக் காகிதத்துக்குப் பதிவிலாகாவில் கால்கடுக்க நின்றதை அந்த மேடைகளில் யார் பேசினார்கள்? கும்பிட்ட கை கீழே இறங்கினால்தானே மனு நீட்ட முடியும்!

சாப்பாட்டுக் கடையில் எவரையும் ‘போஸ்’ என்று கூப்பிடுவது நம் வழக்கம். அதையும் நஜிப் எடுத்துக்கொண்டார். ‘மாலு அப்பா போஸ்கு’, வெட்கப்பட என்ன இருக்கு முதலாளி என்று சட்டையில் அச்சடித்துக்கொண்டு கப்சாய் மோட்டாரில் பையன்கள் திரிந்தார்கள். எஸ்ஆர்சி நிறுவனத்தின் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி சொந்த வங்கிக் கணக்குக்குள் வந்த வழக்கில் 2020 ஜூலையில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. வெட்கப்பட ஒன்றுமில்லைதான்.

2022 ஆகஸ்ட் 23 அன்று காஜாங் சிறைக்குப் போனார். 2024 ஜனவரியில் மன்னிப்பு வாரியம் 12 ஆண்டுச் சிறையை 6 ஆக்கியது. 21 கோடி வெள்ளி அபராதத்தை 5 கோடியாக்கியது. தீபாவளிச் சந்தையில்கூட இப்படியொரு தள்ளுபடி கிடையாது. பால்மாவு டின் திருடிப் பிடிபட்டவனின் அம்மா அந்த வாரியத்தின் வாசல் எங்கே என்று யாரிடம் போய்க் கேட்பாள்?