இழுவை தோன்றி மறைதல்: அளவை நூல் நோக்கில் ஒரு டீசல் ஆராய்ச்சி

பழைய டீசல் கார் மேட்டில் ஏறும்போது திடீரென்று சோர்ந்துபோவதும், ஓரங்கட்டி நிறுத்தி மறுபடி எடுத்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்புவதும் பட்டறை வாசல்களில் மட்டுமே பேசப்பட்டுவரும் பொருள். அறிஞர் அவைகள் இதைத் தீண்டியதில்லை. மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரின் சமயக்கணக்கர்களிடம் மணிமேகலை வரிசையாகப் போய்க் கேட்கிறாள். அளவைவாதி அவளுக்கு அறிவு பிறக்கும் வழிகள் பத்தை எடுத்துரைக்கிறான். அவளிடம் டீசல் கார் இல்லாததால் அவற்றைச் சோதித்துப் பார்க்க வாய்க்கவில்லை. அந்தக் குறையை இக்கட்டுரை நிரப்புகிறது.

முதலில் எல்லை. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்கிறது சட்டம். பட்டறை வழக்கிலோ, மெக்கானிக் பானெட்டைத் தூக்கிவிட்டு "இந்த மாடல் இன்னும் ஓடுதா சார்?" என்று கேட்கும் நாளில் கார் பழையதாகிறது. பின்னதே இங்கே கொள்ளப்படும். பழையவற்றில் இரு குலங்கள் உண்டு. 1998இல் வந்த இண்டிகாவைப்போல இயந்திரப் பம்பை நம்பி வாழ்பவை ஒன்று. 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156இல் தலைகாட்டிய காமன்ரெயிலில் தொடங்கி, பிற்பாடு நம் தெருவெங்கும் நிறைந்த 1248 சிசி எஞ்சின்வரை பெருகிய கம்ப்யூட்டர் குலம் மற்றொன்று. முன்னது சொல்லாமல் நிற்கும். பின்னது விளக்கை எரியவிட்டு நிற்கும், சில வேளை விளக்கும் எரியாது.

இரண்டுக்கும் உடலமைப்பு ஒன்றே. பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை மிதித்தால் காற்றின் வழி திறக்கும். டீசலில் காற்று தன் பாட்டுக்கு முழுதாக உள்ளே வரும். மிதிப்பது டீசலின் அளவை மட்டும் கூட்டும். எனவே இழுவை போனால் டீசல் வரவில்லை, அல்லது காற்று வரவில்லை, அல்லது, கம்ப்யூட்டர் குலமானால், இரண்டும் வந்தும் கம்ப்யூட்டர் ஒப்பவில்லை. எஞ்சின் தேய்ந்துவிட்டது என்று தொடக்கத்திலேயே கைவிரிப்பாரை மறுக்க ஒரு வரி போதும்: காலையில் தேய்ந்த பிஸ்டன் ரிங் மதியத்துக்கு மேல் புதிதாவதில்லை.

அளவைகளில் தலையாயது காட்சி. நம் பொருளில் அதுவே முதலில் தோற்கிறது. மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போய் வந்து, "வண்டி நல்லாத்தானே சார் போகுது?" என்பார். இதைக் காரின் வஞ்சகம் என்று கொள்ளும் மரபு உண்டு, அது பொருந்தாது. சேலத்துப் பட்டறையிலிருந்து மெயின் ரோடு வரை சமதரையில் போய்த் திரும்ப ஓர் எஞ்சினுக்குத் தேவைப்படும் டீசல் சொற்பம். பாதி அடைத்த ஃபில்டர் அந்தச் சொற்பத்தைத் தாராளமாக விட்டுவிடும். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில், நான்கு பேரும் ஏசியும் சுமையாக, மூன்றாம் கியரில் ஏறும்போதுதான் தேவை உச்சத்துக்குப் போகும், அடைப்பும் தெரியும். மலையில் வந்த நோயைத் தரையில் தேடினால் காட்சி என்ன செய்யும்? ஏசியை அணைத்துப் பாருங்கள் என்னும் தொன்மையான அறிவுரையும் இந்தச் சுமைக் கணக்கைச் சேர்ந்ததே. அது எதையும் குணப்படுத்தாது, நோயை ஒரு வளைவு தள்ளிவைக்கும்.

அடுத்தது கருதல். இதற்குத் தருக்க நூல்கள் ஓயாமல் காட்டும் எடுத்துக்காட்டு: மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்புண்டு, அடுக்களையில் கண்டோமல்லவா. இத்தனை நூற்றாண்டுகளாக மலையும் புகையும் சேர்ந்தே பாடமாக இருந்தும், புகையின் நிறம் என்ன என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. டீசல் அளவைக்கு அதுவே உயிர். திணறும் காரின் பின்னால் கருப்பாக எழுந்தால், டீசல் வருகிறது, எரிக்கக் காற்றுப் போதவில்லை என்று கருதுக. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், இஜிஆர் வால்வு மூடாமல் நின்றிருக்கலாம், டர்போ ஹோஸ் கீறியிருக்கலாம். இந்தக் கீறல் தனி ஆய்வுக்குரியது. நின்ற வண்டியில் தடவிப் பார்த்தால் ஹோஸ் முழுசாக இருக்கும். டர்போவின் அழுத்தம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். சுற்றிலும் படிந்த எண்ணெய்க் கறையே சாட்சி. வெள்ளைப் புகை எரியாத டீசலையோ உள்ளே போகும் கூலன்டையோ குறிக்கும், நீலம் எஞ்சின் ஆயிலைக் குறிக்கும். நெருப்பு உண்டா என்பதோடு நின்றுவிட்ட பழந்தருக்கத்தை நாம் இங்கே ஒரு படி கடந்திருக்கிறோம் என்பதை அடக்கத்தோடு பதிவு செய்ய வேண்டும்.

இல்லாததைக் கொண்டு அறிவதும் ஓர் அளவை. இழுவை போகிறது, புகையும் இல்லை என்றால் எரிவதற்கே டீசல் போய்ச் சேரவில்லை. டீசல் ஃபில்டர், டேங்குக்குள் உள்ள சல்லடை, டேங்க் மூடியின் காற்றுத் துளை, உறிஞ்சும் குழாயில் புகும் காற்று எனச் சந்தேகத்துக்குரியவர் நால்வர். இவர்களில் டேங்க் மூடியே எனக்கு மிகவும் பிடித்தது. துளை அடைத்துவிட்டால் டீசல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் கூடி, ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாமல் போகும். நின்ற இடத்தில் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே பாயும் சத்தம் பெரிதாகக் கேட்டால் வழக்கு முடிந்தது. நாசிலையும் பம்பையும் கழற்றி ஆயிரக்கணக்கில் செலவழிக்குமுன் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேட்கும்படி எந்தப் பட்டறையும் சொல்வதில்லை. காரணம் பொருளாதார ஆய்வாளர்களுக்கு உரியது.

புகையில்லை என்றால் டீசல் சேரவில்லை என்னும் விதிக்கு ஒரு புறனடை உண்டு. கம்ப்யூட்டர் குலத்துக் கார்களில் சிலவற்றில் டர்போவுக்குள் அசையும் இதழ்கள் கரி பிடித்துச் சிக்கிக்கொண்டு அழுத்தம் எல்லை மீறும். உடனே கம்ப்யூட்டர் டீசலைக் குறைத்து வண்டியைத் தவழவிடும். அப்போதும் புகை இராது. இந்த இரண்டையும் பிரித்தறிய ஒரு நெறி: சாவியை அணைத்து உடனே போட்டதும் இழுவை திரும்பினால் கம்ப்யூட்டரைச் சந்தேகி, சற்று நேரம் நின்றபின் மட்டும் திரும்பினால் டேங்க் பக்கம் போ. நிற்கும் நேரத்தில் சல்லடையில் ஒட்டிய குப்பை கீழே இறங்கும், மூடி வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே வரும். நம் நாட்டிலோ வண்டி நின்றால் சாவியை எடுத்துக்கொண்டு டீ குடிக்கப் போவது மரபு. இரண்டு சோதனைகளும் ஒரே கிளாஸில் கலந்துவிடுகின்றன. அறிவியலின் பொருட்டு முதல் முறையாவது டீயைத் தவிர்க்க வேண்டும்.

உரை அளவையில் ஓட்டுபவரின் சொல்லே ஆகமம். ஆனால் ஆகமம் பெரும்பாலும் "திடீர்னு அப்படியே டல்லாயிடுதுண்ணே" என்ற ஒற்றை வாக்கியத்தில் முடிந்துவிடுகிறது. டேங்கில் டீசல் எவ்வளவு, எந்தக் கியர், எத்தனை கிலோமீட்டர் ஓடியபின், எஞ்சின் சூடா குளிரா என்ற விவரம் இல்லை. ஆர்பிஎம் முள் ஏறி வண்டி மட்டும் ஏறவில்லை என்றால் அது கிளட்ச். இந்த ஆராய்ச்சியிலிருந்தே விலக்கத்தக்கது.

இனிப் பரபக்கம். ஃபில்டர்வாதி, பம்ப்வாதி, சென்சார்வாதி, பங்க்கில் கலப்படம் என்னும் கலப்படவாதி, எதற்கும் எர்த் வயரையே காட்டும் எலெக்ட்ரீஷியன் எனச் சமயங்கள் பல. ஒவ்வொருவரிடமும் தாம் குணமாக்கிய கார்களின் பட்டியல் உண்டு, ஒருவரும் பொய் சொல்லவில்லை. தோன்றி மறையும் நோய்க்கு எந்த மருந்து கொடுத்தாலும் அது மறையும் பருவத்தில் மருந்துக்கே பேர் வரும். அதிலும் நுட்பமான கோளாறு ஒன்று: ஃபில்டர் மாற்றுகிறவர் குழாயைக் கழற்றி மாட்டுகிறார். மாட்டும்போது தளர்ந்திருந்த கிளிப்பை இறுக்குகிறார், பிறகு கைப்பம்பை அழுத்தி ஏர் எடுக்கிறார். குணமாக்கியது கிளிப், புகழ் ஃபில்டருக்கு. ஃபில்டர்வாதம் நாட்டில் ஆழ வேரூன்ற இதுவும் ஒரு காரணம். அது அடிக்கடி உண்மையாகவே சரியாகவும் இருந்துவிடுவது இன்னொரு காரணம்.

எல்லாச் சமயத்தாரும் ஒருமித்துச் செய்யும் ஏதுப்போலி ஒன்றையும் சுட்ட வேண்டும். "கீழ தரை காஞ்சு கெடக்கு, லீக் எதுவும் இல்ல." டேங்குக்கும் பம்புக்கும் இடையில் பம்ப் உறிஞ்சுகிறது. அந்தப் பகுதியில் ஓட்டை விழுந்தால் ஓடும்போது டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். உலர்ந்த தரை எதையும் நிறுவாது.

தோற்ற காட்சியை மீட்க வழி ஒன்றுதான். பம்புக்கு முன்னால், டீசல் தாங்கும் கண்ணாடிபோன்ற டியூப்பை ஒரு சாண் நீளத்துக்கு இடையில் சேர்த்து, எஞ்சினை வேகமாக ஓடவிட்டுப் பார்ப்பது. ஆய்வுக்குட்பட்ட காரில் அப்படிச் செய்தபோது குமிழிகள் வரிசையாக ஊர்ந்து வந்தன. டேங்க் மேலே ரப்பர் குழாய் கிளிப் அடியில் வெடித்திருந்தது. குழாயை மாற்றியபின் கார் மலையேறுகிறது.

முடிவுகள் பட்டறை அவையில் முன்வைக்கப்பட்டன. பம்ப் சர்வீஸ் செய்தவர், தம் வேலை இப்போதுதான் செட் ஆகியிருப்பதாகத் தெரிவித்தார். கலப்படவாதி, டீசல் போடும் பங்க்கை மாற்றியதை நினைவூட்டினார். எலெக்ட்ரீஷியன் எதுவும் வாதிடவில்லை; எர்த் வயர் மாற்றியதில் இருநூறு ரூபாய் பாக்கி இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.