மின்மேளத்துக்கு ஜே!

கிதார்காரர்களுக்குப் பக்குவம் போதாது. வால்வு ஆம்ப்ளிஃபயர்களின் ஒலியை லைன் 6 நிறுவனம் 1998இல் ‘பாட்’ என்ற சிறு பெட்டிக்குள் அடைத்தது. ‘அதில் உயிர் இல்லை’ என்று தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை. காலால் மிதித்தால் வாசித்ததையே சுற்றிச் சுற்றி ஒலிக்கும் லூப்பரையும் ஏமாற்று வேலை என்கிறார்கள். இவர்கள் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் பக்கம் வந்து கிரிவலம் சுற்றினால் தெளிவு பிறக்கும். 14 கிலோமீட்டர் நடந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வதைப் புண்ணியம் என்று கொண்டாடும் ஊர் இது.

தமிழ்நாட்டுச் சிறு கோயில்கள் மனிதரா, இயந்திரமா என்ற இந்தச் சிக்கலைச் சத்தமில்லாமல், அதாவது பெருஞ்சத்தத்தோடு, தீர்த்துவிட்டன. ஒரு மோட்டார், ஒரு முரசு, ஒரு ஜோடித் தாளம், ஒரு மணி; முகப்பில் சிவப்புப் பெயின்டில் உபயதாரர் பெயர். தீபாராதனையின்போது சுவிட்சைத் தட்டினால் இரும்புக் கை முரசில் இறங்குகிறது. சம்பளம் கேட்காது, வெற்றிலை போடாது. மல்லாரிக்கும் மங்களத்துக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாதே என்பார்கள். கேட்கிறவருக்கே தெரியாதபோது இயந்திரத்துக்கு எதற்கு? மின்வெட்டு வந்தால்? இன்வெர்ட்டர் இருக்கிறது, தவில்காரருக்கு அப்படி ஒரு மாற்று ஏற்பாடு உண்டா? அடுத்ததாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் ஒரு மோட்டார் வந்துவிட்டால், பக்தர் வீட்டிலிருந்தே வரம் பெறலாம்.

ஒரே ஒரு நாள் விதிவிலக்கு. புது மின்மேளத்தைத் தொடங்கிவைக்கப் பிரமுகர் வருகிறார் அல்லவா, அன்று அவரை வரவேற்க வாசலில் நிஜ நாகசுரமும் தவிலும் நிற்கும்.