திருவிழா மேடையில் பாடப்போகிறவருக்கு

திருநெல்வேலிப் பக்கம் ஏதோ ஓர் ஊரில் அம்மன் கோயில் கொடைக்கு உங்கள் மெல்லிசைக் குழுவைப் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டார்களா? மகிழ்ச்சி. பாட்டை ஒத்திகை பார்த்தது போதும். இனி பாட்டை நிறுத்த ஒத்திகை பாருங்கள். அன்றிரவு நீங்கள் அதிகம் செய்யப்போவது அதைத்தான்.

பிள்ளையார் பாட்டை யாரும் தடுக்க மாட்டார்கள். கமிட்டிக்காரர்கள் அப்போதுதான் வேட்டி மாற்றப் போயிருப்பார்கள். அடுத்த பாட்டின் இரண்டாவது சரணத்தில், மூச்சைப் பிடித்து மேலே ஏறும் இடமாகப் பார்த்துத் தோளில் ஒரு கை விழும். “தம்பி, மைக்கை ஒரு நிமிஷம் குடு.” கொடுத்துவிடுங்கள். வழியை மறித்து நிற்கும் பைக்கின் எண், சிவப்புச் சட்டை போட்ட காணாமல்போன பையன், மும்பையிலிருந்து வந்திருக்கும் இன்னார் மகன் இன்னாரின் நன்கொடை ஆயிரத்து ஒன்று என எல்லாம் வரிசையாக வரும். இதில் பையன் சமாச்சாரம் மட்டும் நிஜமாகவே அவசரம். அதை நீங்களே வாங்கிச் சொல்லுங்கள், உங்கள் உச்சரிப்பு தெளிவு. நன்கொடையையும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். உங்கள் சம்பளம் தலைக்கட்டு வரியிலும் அந்த ஆயிரத்து ஒன்றிலும்தான் வருகிறது. பார்க்கப்போனால் ஊருக்கு அறிவிப்புதான் நிகழ்ச்சி, பாட்டு அதன் இடைவேளை.

ஆகவே கீபோர்டுகாரரை இடையிசையையே சுற்றிச் சுற்றி வாசிக்கப் பழக்குங்கள். தபலா நிற்கக் கூடாது. அறிவிப்பு முடிந்ததும் சரணத்தைப் பிடித்துக்கொள்ளலாம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி போட்ட இடையிசை இவ்வளவு நீளமா என்று எந்த ஊரிலும் கேட்க மாட்டார்கள்.

பொன்னாடை போர்த்த வருகிறவர் மைக் பிடித்த கையையும் சேர்த்தே போர்த்துவார். இடது கையிலும் மைக் பிடிக்கப் பழகுங்கள். ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்த வருகிறவரிடம் ஊசி இருக்கும், நிதானம் இருக்காது. அசையாமல் நில்லுங்கள்.

கரண்ட் போகும். ஜெனரேட்டர் உண்டு, அதைக் கிளப்பத் தெரிந்தவர் சாப்பிடப் போயிருப்பார். மின்சாரம் திரும்பினாலும் கீபோர்டும் ரிதம் பேடும் முதலிலிருந்துதான் கண்விழிக்கும், பாட்டுக்கென்று எடுத்துவைத்த ஒலிகளை மறுபடி தேட வேண்டும். அந்த இருட்டில் கரண்ட் தேவைப்படாத டோலக்காரரிடம் மேடையை விட்டுவிடுங்கள். அன்றைய பெரிய கைத்தட்டல் அவருக்குத்தான் விழும். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள். உற்சாகத்தில் மைக்கோடு ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் இறங்கிப் போகவும் வேண்டாம். பெட்டியின் சத்தத்தையே மைக் வாங்கி மறுபடி பெட்டிக்கு அனுப்ப, அது சுற்றிச் சுற்றிப் பெருகி ‘கீ’ என்று கிளம்பும். ஊரே காதைப் பொத்தும். பிறகு மைக்செட்காரரை முறைத்து என்ன பயன்?

ஈசலைப் பற்றி எந்தப் பாட்டு வாத்தியாரும் சொல்லித்தருவதில்லை. மாலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தால் புற்றிலிருந்து கிளம்பி, ஊரிலேயே பிரகாசமான இடத்துக்கு வரும். அந்த இடம் உங்கள் முகம். மேடை விளக்கைக் குறைத்து, தள்ளி ஒரு விளக்கைப் போட்டு அதன் கீழ் அகலச் சட்டியில் தண்ணீர் வையுங்கள், பாதி அங்கே போய் விழும். ‘ஆ’ என்று நீளும் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, வாய் அதிகம் திறக்காத சோகப் பாட்டுகளை முன்னால் கொண்டுவாருங்கள். அப்படியும் ஒன்று உள்ளே போய்விட்டால் துப்ப வேண்டாம், முன்வரிசையில் தர்மகர்த்தா உட்கார்ந்திருக்கிறார். விழுங்கிவிடுங்கள். ஈசலை வறுத்து, பொரியோடு கலந்து ஆசையாகத் தின்கிற ஊர்கள் உண்டு.

எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அம்மன் பாட்டு ஒன்றைத் தொட்டால் பெண்கள் பக்கம் யாருக்காவது அருள் வரும். இங்கே கேலியும் கூடாது, தாளத்தைச் சட்டென்று வெட்டவும் கூடாது. திருநீறு பூசி அவர் அடங்கும்வரை வாசித்து, மெல்ல மெல்ல இறக்குங்கள். அடுத்த பாட்டாகக் குத்துப்பாட்டை வைப்பவருக்கு மறுவருடம் அழைப்பு வராது. அம்மன் சப்பரம் நாதஸ்வரத்தோடு தெருமுனையில் திரும்பினால் முழுக்க நிறுத்துங்கள், விழா அவளுக்கு. ஊரில் துக்கம் என்றால் மறுபேச்சே இல்லை.

கடைசித் தடை காக்கிச் சட்டையில் வரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக மாநில அரசு, ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல், நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம். உங்கள் கொடை அந்தப் பதினைந்தில் ஒன்று என்று கமிட்டி சூடம் அணைத்துச் சத்தியம் செய்யும். அனுமதிக் கடிதத்தை நீங்களே வாங்கிப் படியுங்கள். உங்கள் பெயர் சொல்லும் பாட்டைக் கடைசிக்கு என்று பொத்தி வைக்காமல் ஒன்பது மணிக்குள் பாடிவிடுங்கள். ஏட்டையா வந்தபின் “ஒரே ஒரு பாட்டு, சார்” என்று கெஞ்சுவது கமிட்டியின் வேலை. உங்கள் வேலை வயரைச் சுருட்டுவது.

பேசிய தொகையில் மீதியை மட்டும் மேடையேறுமுன் கேட்டு வாங்கிவிடுங்கள். முடிந்தபின் போனால், “எங்கே தம்பி, ஒரு பாட்டும் முழுசாப் பாடலையே” என்பார்கள்.