எலிக்குட்டிச் செவியியல்: நான்கு வகையும் ஒரு புறனடையும்

சூத்திரம்: செவிக்குத் தொழில் இரண்டு, நிற்றல் முந்தும், கேட்டல் பிந்தும்.

உரை: சுண்டெலி ஏறத்தாழ 20 நாள் கருவிலிருந்து, கண்ணும் காதுத்துளையும் மூடியபடி பிறக்கும். உட்செவியின் சமநிலை உறுப்புகள் அப்போதே வேலை தொடங்கியிருக்கும். கேட்டலுக்குரிய காக்ளியாவுக்கு வெளியோசை எட்டாது. ஆதலின் குட்டி நால்வகைப்படும்.

1. புரள்குட்டி. மல்லாத்திப் போட்டால் கவிழ்ந்தெழப் போராடுவது. தலை சாய்ந்த செய்தி மூளைத்தண்டிலுள்ள நான்கு வெஸ்டிபுலார் (சமநிலை) உட்கருக்களுக்குச் செல்லும். அவற்றுள் பக்கவாட்டு உட்கரு டைட்டர்ஸ் என்ற ஆய்வாளர் பெயரால் வழங்கும். உடலைத் தாங்கும் தசைகளை ஏவுவது அதன் கடன்.

2. கத்துகுட்டி. கூட்டைவிட்டு விலகிக் குளிரில் கிடந்தால், மனிதக் காதுக்கு எட்டாத, 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட குரலில் கத்துவது. தாய் வந்து கவ்விப்போகும். கத்தியது கத்தியவனுக்குக் கேளாது. இக்குணம் எலிக்கே உரியதென்று கொள்ளற்க. பிற இனங்களில் வயது முதிர்ந்த பின்னும் காணப்படும்.

முதலிரு வகையும் ஒரே நாளில் ஒரே குட்டிதானே என்பார்க்கு விடை: வகுப்பது எம் தொழில், கலந்து கிடப்பது குட்டியின் தொழில்.

3. ஒத்திகைக்குட்டி. காக்ளியாவின் துணைச்செல்கள் ஏடிபி என்னும் வேதிப்பொருளைக் கசியவிட, ஓசையுணரும் மயிர்ச்செல்கள் தூண்டப்பட்டு, செவி நரம்பு விட்டுவிட்டுத் துடிக்கும். ஓசையின்றியே இது நிகழ்வதை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2007இல் எலிகளில் காட்டினர். திரைக்குப் பின்னே சுருதி சேர்ப்பதுபோல், அடுத்தடுத்த செல்கள் சேர்ந்து துடித்து, மூளைப் பாதைகளை ஒழுங்குபடுத்தும். இப்பருவத்தில் செவி குலைந்தால் கேடு பெரிது. சுண்டெலிக்கு 5ஆம் நாளில் காக்ளியாவை அகற்றினால், மூளைத்தண்டின் காக்ளியர் உட்கருவின் முன்பகுதியில் பாதிக்கு மேற்பட்ட நியூரான்கள் மடியும். 14ஆம் நாளில் அகற்றினால் அநேகமாக எதுவும் மடியாது.

4. கேள்குட்டி. ஏறத்தாழ 12ஆம் நாளில் காதுத்துளை திறந்து ஓசை கேட்கத் தொடங்குவது. அடுத்த சில நாள்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் ஓசை, மூளைப்புறணியின் ஒலி வரைபடத்தையே தன்பக்கம் சாய்த்துவிடும். வாழ்வின் முதல் ஓசைக்கு இத்துணை அதிகாரம், பின்வருவதற்கு அவ்வளவில்லை.

புறனடை: கினிப்பன்றியும் கொறிப்பனவே. ஆனால் இரண்டு மாதத்துக்கு மேல் கருவிலிருந்து, கண் திறந்து, காது கேட்டுப் பிறக்கும். செவி வளர்ச்சியின் பெரும்பகுதியை வயிற்றுக்குள்ளேயே முடித்துவிடுவதால், 'பிறந்த நாள்' என்ற எம் அளவுகோல் அதனிடம் செல்லாது. மூளை தன் வளர்ச்சியை எண்ணுவது கருவுற்ற நாளிலிருந்தே என்பது இதனால் பெறப்படும். இதற்காகச் சூத்திரத்தைத் திருத்த வேண்டுமோ எனின், வேண்டா; கினிப்பன்றியைப் புறனடையில் வைத்தால் போதும். புலமை மரபு அதுவே.