கோர்ஸ் வாப்பா

ஓ.எல். கடைசிப் பேப்பர் முடிந்து மகன் பேனையை மூடுவதற்குள், பாடசாலை கேட்டடியில் மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு நிற்பார் கோர்ஸ் வாப்பா. "பேப்பர் எப்படி?" என்று கேட்கமாட்டார். "ஏறு மகன், நாலு மணிக்கு இங்கிலிஷ் கிளாஸ்" என்பார்.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எந்த ஊரிலும் ஆளைக் கண்டுபிடிப்பது லேசு. ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலடியில் நோட்டீஸ் கொடுப்பார்கள். மற்றவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டே வாங்கி, நாலாக மடித்துப் பையில் போட்டுவிட்டு நடையைக் கட்டுவார்கள். இவர் மட்டும் வெயிலில் நின்று கடைசி வரியில் உள்ள போன் நம்பர் வரை வாசிப்பார். "ஓ.எல். எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறீர்களா?" என்ற தலைப்பைக் கண்டால் போதும், அன்று பகல் பிரியாணி இறங்காது.

முன்பெல்லாம் டிசம்பரில் பரீட்சை. பெறுபேறு வரும்வரை மாதக் கணக்கில் கிரிக்கெட்தான். அலுத்தால் கரைவலை இழுக்கும் இடத்தில் போய் நிற்பது. கொரோனாவுக்குப் பிறகு பரீட்சை மே, மார்ச் என்று அலையத் தொடங்கியது. 2024 மேயில் எழுதிய பிள்ளைகளுக்குப் பெறுபேறு வருமுன்னே, ஜூனில் ஏ.எல். வகுப்பு தொடங்கிவிட்டது. லீவு சுருங்கச் சுருங்க வாப்பாவின் வேகம் கூடியது. காலையில் கம்பியூட்டர், பகலில் குவாண்டிட்டி சர்வேயிங் எனும் கியூ.எஸ்., அஸருக்குப் பிறகு ஸ்போக்கன் இங்கிலிஷ், மஃரிபுக்குப் பிறகு பயோ. இஷாவுக்குப் பிறகு ஏதும் இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கியூ.எஸ். யோசனை கட்டாரில் இருக்கும் மச்சானுடையது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கோடை வகுப்பு நடப்பதாக வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் அவர்தான். இரண்டு கிழமைக்கு 5,000 டொலருக்கு மேல். அதைப் படித்தால் ஹார்வர்டில் இடம் கிடைக்கும் என்றும் இல்லை. "பாத்தீங்களா காக்கா, அதே கதைதான். நம்மட ஊருல மலிவு" என்று வாப்பா எனக்குக் காட்டினார்.

இவரோடு டீ குடிக்க உட்காரக் கூடாது. பல்கலைக்கழக அனுமதியில் மெரிட்டுக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5, அதில் அம்பாறையும் உண்டு என்று பிளேன்டீ ஆறும்வரை இஸட் ஸ்கோர் கணக்கு ஓடும். பக்கத்திலேயே ஒலுவில் கெம்பஸ் 1995இலிருந்து இருக்கிறதே என்றால் முகம் சுருங்கும். அங்கே மருத்துவ பீடம் இல்லாதது அவரது சொந்தக் குறை. "கெம்பஸைக் கொண்டுவந்த மர்ஹூம் அஷ்ரஃப் சேர் இருந்திருந்தா அதுவும் வந்திருக்கும்." அதற்குமேல் யாரும் பேச முடியாது.

சான்றிதழ்களுக்கென்றே ஒரு பைல் வைத்திருக்கிறார். எல்லாம் லேமினேட் செய்தவை. ஒன்றில் மகனின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை; அதுவும் அழியாதபடி லேமினேட் ஆகிவிட்டது. மகனோ கண்ணைத் திறந்தபடியே தூங்கப் பழகிவிட்டான். எந்தக் கோர்ஸிலும் சொல்லித் தராத பாடம் அது.

மகன் இங்கிலிஷ் கிளாஸுக்குள் இருக்கும் நேரமெல்லாம் வாப்பா ஜன்னலோரம் வேப்ப மர நிழலில் மோட்டார் சைக்கிளில் குந்தியிருப்பார், பிள்ளை பின்பக்கமாக நழுவாமல் பார்க்க. போன கிழமை, முதுகில் பையோடு அறுகம்பைக்கு வழி கேட்டு ஒரு வெள்ளைக்காரன் ஜன்னலடிக்கு வந்தான். மகன் திருதிருவென்று வாப்பாவைப் பார்த்தான். வாப்பா தொண்டையைச் செருமினார். "யூ ஆர் கோயிங் அக்கரைப்பற்று. தென் யூ ஆர் கோயிங் பொத்துவில். பஸ் இஸ் கமிங்." சொல்லி வாய் மூடவில்லை, பஸ்ஸும் வந்துவிட்டது. நிகழ்காலத் தொடர்வினை அவருக்கு அவ்வளவு சுத்தம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வாப்பா இருந்தால், அடுத்த கோர்ஸுக்கு அவர் பெயரையே எழுதிவிடுங்கள். பிள்ளை ஒள்ளுப்பம் தூங்கட்டும்.