வால்வு வைத்த நட்சத்திரம்

கே: முதல் ரயில் எஞ்சின் ஜார்ஜ் ஸ்டீபன்சன் செய்ததுதானே?

ப: பாடப்புத்தகம் அப்படிப் பழக்கிவிட்டது. அவருடைய முதல் எஞ்சினுக்குப் பத்து ஆண்டு முன்பே, 1804 பிப்ரவரி 21-ஆம் தேதி, வேல்ஸில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் எஞ்சின் 10 டன் இரும்பையும் தொற்றிக்கொண்ட 70 பேரையும் 9 மைலுக்கு மேல் இழுத்துப் போனது. பிடித்த நேரம் 4 மணிக்கு மேல். நடந்தே போயிருக்கலாம்! பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளம்தான் நொறுங்கியது.

கே: பின்னே ஸ்டீபன்சனுக்கு ஏன் இவ்வளவு பேர்?

ப: 1829 ரெயின்ஹில் போட்டியில் ஜெயித்த 'ராக்கெட்'டால். கொதிகலனுக்குள் 25 செப்புக் குழாய்கள். நெருப்பின் சூடு அத்தனை வழியாகவும் தண்ணீரில் இறங்கும். வேலை முடிந்த நீராவி புகைபோக்கியில் பாய்ந்து, காற்றை இழுத்து, அடுப்பை ஊதிவிடும். குழாய் யோசனை ரயில் கம்பெனிக்காரர் ஹென்றி பூத்துடையது. பேர் அப்பா, மகன் ஸ்டீபன்சன்களுக்கு. அதே போட்டிக்கு வந்த இன்னொரு வண்டிக்கு எஞ்சினே கிடையாது, உள்ளே குதிரை நடந்தது!

கே: ரயில் இருக்கட்டும், திருவாதிரை நட்சத்திரம் எவ்வளவு பெரிது?

ப: சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால், புதன் முதல் செவ்வாய் வரை எல்லாரும் அதன் வயிற்றுக்குள். நம்மையும் சேர்த்துத்தான். குறுக்களவு சூரியனைப்போல் ஏறத்தாழ 700 மடங்கு, எடையோ 20 மடங்குக்குள். சராசரி அடர்த்தி நம் காற்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. வெறும் ஊதல்!

கே: நட்சத்திரத்துக்கும் நீராவி எஞ்சினுக்கும் முடிச்சுப் போட முடியுமா?

ப: நான் எதற்கு? வானியலாளர் எடிங்டன் 1917-லேயே போட்டுவிட்டார். செஃபீட் என்ற ராட்சத நட்சத்திரங்கள் தாளம் தவறாமல் வீங்கிச் சுருங்கும். அவற்றில் ஒன்றான டெல்டா செஃபிக்கு ஒரு சுற்று 5 நாளும் சில மணியும். நீராவி எஞ்சினில் இருப்பதுபோல் எங்கோ ஒரு வால்வு இருந்தால்தான் அந்த ஆட்டம் ஓயாது என்றார் எடிங்டன். சுருங்கும்போது மூடி, சூட்டை அடைக்க வேண்டும். அழுத்தம் ஏறி வெளியடுக்கைத் தள்ளியதும் திறக்க வேண்டும். நியாயமான யோசனை. ஆனால் வால்வு எங்கே? 1950-களில் சோவியத் விஞ்ஞானி ஷெவாகின் காட்டினார்: ஹீலியம் அடுக்கு. அமுக்கினால் அது எலக்ட்ரானை இழந்து ஒளியை மறிக்கும், விரிந்தால் வழிவிடும். இந்தத் தாளத்தை வைத்துத்தான் வானியலாளர் ஹபிள் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தின் தூரத்தையே கணக்கிட்டார்.

கே: அழுத்தம் ஏறினால் எஞ்சினின் கொதிகலன் வெடிக்காதா?

ப: 1803-இல் கிரீனிச்சில் டிரெவிதிக்கின் கொதிகலன் வெடித்து ஆட்கள் செத்தார்கள். கவனிக்க வேண்டிய பையன் விலாங்கு பிடிக்கப் போயிருந்தானாம். அதன்பின் அவர் ஈய அடைப்பான் வைத்தார். தண்ணீர் வற்றினால் அது உருகி நீராவி வெளியேறிவிடும்.

கே: திருவாதிரைக்கு அப்படி ஒன்று உண்டா?

ப: இல்லை, வெடிக்கத்தான் போகிறது. 2019 கடைசியில் மங்கியபோது 'இதோ' என்றார்கள். அது கக்கிய தூசுதான் மறைத்திருந்தது. இன்னும் ஒரு லட்சம் ஆண்டு ஆகலாம். வீட்டுக் கடன் தவணையைத் தவறாமல் கட்டுங்கள்.